பச்சை விளக்கு

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமந்த சுடலையாண்டிக்கு, முதுகெலும்பின் தட்டுகள் தேயாமலிருக்க இளமையிலேயே ஊசி போட்டிருந்தார்கள். மாரடைப்பில் அவர் இறந்து பதினோரு நாளாகியும் தட்டுகளின் செல்கள் மட்டும் சாகவில்லை. அவை உயிரோடிருப்பதைக் காட்ட முதுகில் ஒட்டிய கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது அணையாம ஒடம்ப எரிக்கக் கூடாதும்மா. சட்டம் அப்படி," என்றார் மயான ஊழியர்.

மனைவி பேச்சித்தாய் உடலை வைத்திருந்த குளிரறைக்குள் போனாள். கணவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகு மட்டும் இளைஞனுடையதுபோல் விறைப்பாக நிமிர்ந்திருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தாள்.

"கப்பல்ல எல்லாச் சரக்கும் ஏத்தியாச்சு. இனிமே சுமை இல்ல. படுங்க," என்றாள்.

விளக்கு அணைந்தது. முதுகு மெல்லத் தளர்ந்தது.

பேச்சித்தாய் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இத்தன நாளும் கேட்டுக்கிட்டேவா கெடந்தீக?"