இருபத்துமூன்றாம் பக்கம்

"இன்னிக்கும் திருப்பிட்டாங்கம்மா."

மாமியார் காகிதக் கட்டை மேசைமேல் வைத்தார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மருமகள் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"இப்ப என்னவாம் அத்தை?"

"அதே இருபத்துமூணாம் பக்கம்தான். எழுத்து மங்கலா இருக்காம்."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை, ஓரத்தில் இடம் போதவில்லையாம். புதன்கிழமை, வரி எண் கோணலாம். இன்றைக்கு மங்கலாம். நாற்பது பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தின்மேல், விண்ணப்பம் வாங்கும் அந்தக் குமாஸ்தாவுக்கு அப்படி என்ன பகை?

பால் பொங்கப்போவதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து அடுப்பை அணைக்கும் கருவி அவளுடையது. மூன்று வருட உழைப்பு. அதை இயக்கும் கம்ப்யூட்டர் நிரலை வரிக்கு வரி அச்சிட்டு, விண்ணப்பத்தோடு கொடுத்தால்தான் காப்புரிமை அலுவலகத்தில் தேதி முத்திரை விழும். சனிக்கிழமை கண்காட்சியில் கருவியை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டப் போகிறாள். அதற்குள் முத்திரை விழாவிட்டால், பார்த்துவிட்டுப் போகிற எவனும் தன் கண்டுபிடிப்பு என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

அலுவலகத்தில் ஒரு மணி வரைதான் வாங்குவார்கள். மருமகளுக்கு அது வேலை நேரம். "நான் கொடுத்துட்டு வரேன்" என்று மாமியாரே முன்வந்திருந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், காகிதம் மெலிசுன்னு. குண்டூசியைக்கூட நீ நேரா குத்தலை" என்றார் இப்போது.

மாமியார் முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவர் ஓய்வு பெற்றதில் அச்சகம் தப்பித்தது, வீடு மாட்டிக்கொண்டது.

"அந்தப் பக்கத்தை ஒரு தடவை நல்லாப் படிச்சுத்தான் பாரேம்மா."

"நான் எழுதினதை நானே எதுக்கு அத்தை படிக்கணும்? மங்கல்தானே?"

மையை மாற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் கன்னங்கரேலென்று அச்சிட்டாள்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு நானே போறேன். அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

மாமியார் புதுப் பக்கத்தைக் கட்டுக்குள் செருகினார். குண்டூசியை நேராகக் குத்திக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு முதல் ஆளாக நின்றாள்.

"என்ன சார், விளையாடறீங்களா? எங்க சார் மங்கல்? உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க முதல்ல!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மேடம், நான் எதையுமே திருப்பலை. முதல் நாளே எல்லாம் சரியா இருந்துச்சு. முத்திரையைக் கையில எடுத்துட்டேன். அந்தம்மாதான் கட்டை வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டாங்க."

"எந்தம்மா?"

"சிவப்புப் பேனாவோட வருவாங்களே, அவங்கதான். மூணு நாளும் அதோ அந்த பெஞ்சில உட்கார்ந்திருந்துட்டு, ஒரு மணிக்கு எழுந்து போயிடுவாங்க."

அப்படியா சேதி! உதவி செய்கிறேன் பேர்வழி என்று மூன்று வருட உழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தாரா? வீட்டுக்குப் போனதும் இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

"முத்திரையைப் போடுங்க சார். மத்ததை வீட்டுல பார்த்துக்கறேன்."

"போடறேன். முதல்ல அந்தப் பக்கத்தைப் படிங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லியிருந்தாங்க. நீங்க போடற சத்தத்துல எனக்கு வேற வழி தெரியலை."

படித்தாள். நிரலுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற குறிப்பு ஒன்று. துணி மடித்தது சரியில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு நாள் ஆத்திரத்தில் எழுதியது. எழுதியதையே மறந்துவிட்டிருந்தாள்.

'இந்தப் பகுதியின் பெயர் மாமியார். எது செய்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும். பதில் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே பதில் அனுப்ப வேண்டாம்.'

பக்கத்தின் அடியில் அவள் படிக்காமலே போட்ட கையெழுத்து, முழு முகவரியோடு.

காது மடலெல்லாம் சுட்டது. விண்ணப்பம் வெளியானால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சொந்தக்காரர்கள் மனப்பாடமே செய்துவிடுவார்கள்.

"இதை... அவங்க படிச்சுட்டாங்களா?"

"முதல் நாள், நான் முத்திரையைத் தேடிட்டு இருந்தப்ப. பெஞ்சில போய் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து படிச்சாங்க."

"அந்தக் குறிப்பை அவங்களே அடிச்சிருக்கலாமே சார்?"

"ஒரு புள்ளி தப்பினாலும் மொத்தமும் நின்னுடும்னு மருமக சொல்லியிருக்கா, நான் கை வைக்க மாட்டேன்னுட்டாங்க. ஊர் படிச்சா அவளைத்தானே சிரிக்கும், வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருக்கு, அதுக்குள்ள எப்படியும் படிச்சிடுவான்னாங்க."

குமாஸ்தா ஒரு சிவப்புப் பேனாவை நீட்டினார். "நேத்து மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

அடித்தாள். பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

"என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே சார்!"

"அதையும் கேட்டேன்." குமாஸ்தா முத்திரையை மையில் ஒற்றினார். "'நான் சொன்னா, குத்தம் கண்டுபிடிக்கறேன்னு நினைச்சுக்குவா. நீங்க கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும்'னாங்க."