மடியில் வைத்த மாவு

குன்னூர்க் குளிரில் ஈஸ்ட் சேர்த்த மாவு உப்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. வீட்டில் கதகதப்பான இடம் தேடி அலைந்த எஸ்தர், கடைசியில் கணவன் ஜெயசீலனின் மடியைக் கண்டுபிடித்தாள். தேயிலை பேக்டரிப் படிக்கட்டில் விழுந்ததிலிருந்து அவன் சக்கர நாற்காலியில்தான். கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. வெங்காயமும் மிளகும் சேர்த்துப் பிசைந்த காரப் பன் மாவைக் கிண்ணத்தோடு மடியில் வைத்தாள். அவன் விரல்களுக்கும் இதமாக இருக்கட்டும் என்று கைகளையும் கிண்ணத்து விளிம்பில் சாய்த்து, எல்லாவற்றையும் சேர்த்து ஈரத்துணியால் மூடிவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால், மாவு இரண்டு மடங்காகியிருந்தது. நட்டநடுவில் ஒரு குழி. பதம் பார்க்க அவள் விரலால் அமுக்குவாளே, அதே மாதிரி. தன் விரலை வைத்துப் பார்த்தாள். குழி பெரிதாக இருந்தது.

“என்னங்க, நீங்களா அமுக்குனீங்க?”

ஜெயசீலன் குனிந்து பார்த்தான். “எனக்கு எப்படிடி தெரியும்?”

பன்னாக உருட்ட வேண்டிய மாவை எஸ்தர் மறுபடியும் பிசைந்தாள். குழி மறைந்தது. முன்போலவே மடியில் வைத்து மூடி, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மாவு புளிச்சுப் போயிரும்.”

“போகட்டும்.”

வெகுநேரம் கழித்து, ஈரத்துணி நடுவில் லேசாக எழும்பியது. மாவா, விரலா தெரியவில்லை. எஸ்தர் பாய்ந்து அதன் முனையைப் பிடித்தாள்.

“தூக்காத எஸ்தர்,” என்றான் ஜெயசீலன். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”