மூழ்கத் தெரிந்தவன்

எட்டாவது வாரமும் நெட்டை மூழ்கினான்.

கையையும் காலையும் தாறுமாறாக அடித்து, பாதிக் குளத்தை வெளியே இறைத்து, கடைசியில் இருமிக்கொண்டே எழுந்து நின்றான். தண்ணீர் அவன் இடுப்புக்குத்தான் வந்தது. கூட நின்ற பொடிசுகள் 'ஓ'வென்று சிரித்தன.

"கையை விட்டுட்டீங்களே கோச்!" என்றான் பரிதாபமாக.

"விடாம எப்படிங்க நீச்சல் வரும்?"

அதட்டத்தான் நினைத்தாள் கோச். பாதியிலேயே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவளுக்கு இருபத்தொரு வயது. அந்த நீச்சல்குளத்தில் கோச்சாகச் சேர்ந்து ஒரு வருடம். ஆறு வயதுப் பிள்ளைகளை ஆறே நாளில் மிதக்க வைத்துவிடுவாள். நெட்டையிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை. அவனோடு வரும் கூட்டாளி பூசணிக்கும் அதே கதிதான்.

பூசணிக்கு நீச்சல் வரவில்லையே என்று கவலைப்பட்டாள். நெட்டைக்கு வராததில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். சனிக்கிழமை எப்போது வரும் என்று திங்கட்கிழமையே எண்ண ஆரம்பித்துவிடுவாள். இதற்கு முன் எவனுக்காகவும் அவள் அப்படி நாளை எண்ணியதில்லை.

"எனக்கென்னவோ அவன் மேல சந்தேகமா இருக்குடி" என்றாள் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அவள் தோழி. "எட்டு வாரமா ஒருத்தனுக்கு மிதக்கக்கூடவா வராது? அம்மிக்கல்லைப் போட்டிருந்தாகூட இந்நேரம் மிதந்திருக்கும்!"

"போடி, உனக்கு எல்லார் மேலயும்தான் சந்தேகம்."

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது.

ஒரு பிள்ளையின் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்ய அவள் குனிந்திருந்தாள். ஆழமான பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

"ஐயோ, என் பாப்பா!"

மூன்று வயதுக் குழந்தை. பந்தை எடுக்கப் போய் விழுந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே பந்து மட்டும்தான் தெரிந்தது.

அவள் கரையோரமாக ஓடினாள். அந்தக் கோடிக்குப் போய்ச் சேரமாட்டோம் என்று பாதி வழியிலேயே தெரிந்தது. 

அவளைத் தாண்டித் தண்ணீரில் ஏதோ பாய்ந்து போனது. சத்தமும் இல்லை, தெறிப்பும் இல்லை. கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கோடியில் முங்கியது. மேலே வந்தபோது கையில் குழந்தை இருந்தது.

நெட்டை!

குழந்தை இருமியது, பிறகு வீறிட்டு அழுதது. தாய் அள்ளி அணைத்துக்கொண்டாள். குளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கோச் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றாள். அப்படி நீந்த அவளுக்கே வராது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை வருஷமா?"

"அஞ்சு வயசுலேர்ந்து. காலேஜ் டீம்ல..."

"டீம்லயா?" அவளுக்குக் குரல் உடைந்தது. "எட்டு வாரமா உங்க முதுகைத் தாங்கிக்கிட்டு நின்னேனே. விடாதீங்க, விடாதீங்கன்னு கெஞ்சினீங்களே. எல்லாம் நடிப்பா?"

"கோச், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். இனிமே இந்தப் பக்கமே வராதீங்க."

அவன் பூசணியை ஒரு தடவை பார்த்தான். வாயைத் திறந்தவன், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் கவுண்டர் தோழி. "கையைப் பிடிக்கறதுக்கு எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கறானுங்க பாரு!"

 அவமானத்தில் அவளுக்குக் காது வரை எரிந்தது.

குளம் காலியான பிறகும் பூசணி போகவில்லை. தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அவனைத் தப்பா நினைக்காதீங்க கோச். அவன் நடிச்சது உங்களுக்காக இல்லை, எனக்காக."

"என்னது?"

"எனக்குக் கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு. நீச்சல் டெஸ்ட்ல தேறினாத்தான் ஏத்துவாங்க. எனக்கோ சின்ன வயசுல முங்கிப் பிழைச்சதுலேர்ந்து தண்ணின்னாலே உதறல். போன வருஷம் வேற ஒரு குளத்துக்குப் போனேன். இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு படியிலேயே நடுங்கினதைப் பார்த்து எல்லாரும் சிரிச்சாங்க. ஓடி வந்துட்டேன்."

"அதுக்கு?"

"'உன்னைவிட மோசமா ஒருத்தன் இருந்தா எல்லாரும் அவனைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க? நான் இருக்கேன், வாடா'ன்னான். இந்த எட்டு வாரத்துல என்னைப் பார்த்து யாராவது சிரிச்சாங்களா, சொல்லுங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. 

"போய் அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "உங்களுக்கு நீச்சல் வர்ற வரைக்கும் அவரும் கூடவே இருக்கட்டும்."

பூசணி தலையைச் சொறிந்தான். பிறகு நேரே ஆழமான பக்கம் போய், தொபுக்கென்று குதித்தான்.

"ஐயையோ!" என்று பதறிப் பின்னாலேயே பாயப் போனவள், அப்படியே சிலையாக நின்றாள்.

பூசணி சாவகாசமாக நீந்தி எதிர்க்கரையைத் தொட்டான். திரும்பி வந்து, அவள் காலடியில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மூச்சுகூட வாங்கவில்லை.

"எனக்கு நீச்சல் வந்து ஒரு மாசமாச்சு கோச். அவன் உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தான், நீங்க அவனையே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. வந்துடுச்சுன்னு சொன்னா அவன் இங்க வர்றது நின்னுடுமேன்னு, நானும் வாரம் தவறாம மூழ்கிக்கிட்டு இருந்தேன்!"