ஐம்பதில் ஒரு கோடு

ஆபரேஷனுக்கு ஆள் பொறுக்கும் அறையில் இரண்டு இதயங்கள் காத்திருந்தன. முதலில் சந்தனராஜின் இதயம், அடுத்து மங்களேஸ்வரியின் இதயம். உள்ளே வந்த ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்று அளந்து சொல்வது எக்கோ மெஷினின் வேலை.

"நாற்பத்தெட்டு! கோட்டுக்குக் கீழே போயிட்டீங்களே அண்ணே!" மெஷின் பதறிவிட்டது. "நாளைக்கே ஆபரேஷன்."

மங்களேஸ்வரியின் இதயம் தள்ளாடித் தள்ளாடி முன்னால் வந்தது.

"ஐம்பத்தாறு. ஜோரா இருக்கீங்க அக்கா, வீட்டுக்குப் போங்க."

"நல்லா இருந்தப்ப எனக்கு எழுபதுப்பா. அண்ணனுக்கு?"

"அவருக்கு அறுபது."

"அப்ப அவரைவிட நான்தானே அதிகமா இறங்கியிருக்கேன்?"

"கோடு ஐம்பதுலதானே அக்கா இருக்கு? ஆயிரம் இதயத்தை அளந்து போட்ட கோடு."

"அதுல பொம்பளைங்க எத்தனை பேரு?"

மெஷின் யோசித்தது. "அன்னைக்கு அவங்களுக்கு வீட்டுல வேலை இருந்திருக்கும்."

தனக்கும் வேலை கிடப்பது ஞாபகம் வர, அந்த இதயம் கிளம்பிப் போனது. ஆறு மாதம் கழித்து அதை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள்.

"முப்பத்தைந்து!" மெஷின் தலையில் அடித்துக்கொண்டது. "ஏன்க்கா இவ்வளவு லேட்டா வந்தீங்க? இந்தப் பொம்பளைங்களே இப்படித்தான்!"