கைக்கெட்டும் தூரம்

"பையைக் குடுங்க அண்ணாச்சி. மூணு கிலோ லென்ஸ நீங்க தூக்கிட்டு வருவிய, நான் கைய வீசிட்டு வரவா?"

கால்வாய்ப் பாலத்தில் இறங்கியதும் லென்ஸ் பையைச் செல்லச்சாமியின் தோளில் மாட்டிவிடுவது விஸ்வநாதனின் மூன்றாண்டு வழக்கம். தென்காசியில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், ஞாயிறு தவறாமல் செங்கோட்டைக்கு மேற்கே இந்த மலையடிவாரத்துக்கு வந்து விலங்குகளைப் படம் பிடிப்பார். தென்னந்தோப்புகளுக்குக் காவல் இருந்த செல்லச்சாமிதான் அவருக்கு வழிகாட்டி. இன்று மட்டும் அவர் பையைக் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும்ப்பா. இன்னைக்கு நானே சுமக்கேன்."

செல்லச்சாமியின் முகம் வாடியது. "வேலைதான அண்ணாச்சி போச்சு? கையுமா போச்சு? கீழ போட்டுருவேன்னு நினைக்கியளோ?"

விஸ்வநாதன் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு செல்லச்சாமிக்கு உண்டு. எடை குறைந்த சிறியதை வாங்குவதா, நீண்டு கனக்கும் இதை வாங்குவதா என்று அவர் மூன்று மாதம் தவித்தபோது, "நீளமானதையே வாங்குங்க. தூக்கதுக்கு நான் இருக்கேன். யானைகிட்ட போகாம எடுக்கணும்லா?" என்று முடித்துவைத்தவன் அவன்தான்.

அந்த லென்ஸில் பிடித்த படம்தான் குற்றாலத்துக் கண்காட்சியில் முதற்பரிசு வாங்கியது. விடியற்காலைச் சாரலில் செல்லச்சாமி நிற்கிறான். கொம்பன் யானை ஒன்று துதிக்கையை நீட்டி அவன் தோளைத் தொடுகிறது. 'கைக்கெட்டும் தூரம்' என்று விஸ்வநாதனே தலைப்பு வைத்தார். செய்தித்தாளிலும் வந்தது.

படம் வந்த மறுநாள் தோப்புக்காரர்கள் கூடினார்கள். எட்ட நின்று யானையை விரட்டக் காவலுக்கு வைத்த ஆள், கிட்டப் போய் விளையாடுகிறானே என்று கொதித்தார்கள். கிட்டப் போகவே இல்லை என்று செல்லச்சாமி சத்தியம் செய்தான். அவர்களுக்குத் தலைவரான ஆவுடைநாயகம் விஸ்வநாதனைத் தொலைபேசியில் அழைத்து, "படத்துல கம்ப்யூட்டர் வேல ஏதும் உண்டா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. எடுத்தது எடுத்தபடிதான்" என்றார் விஸ்வநாதன்.

அது உண்மைதான். அன்று மாலையே செல்லச்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கதைகளில் வரும் யானையாக இருந்திருந்தால் நடுச்சபைக்கு வந்து நடந்ததைச் சொல்லியிருக்கும். இந்த யானை பேசாமல் மலையேறிப் போய்விட்டது. விஸ்வநாதன் பரிசுக் கேடயத்தை அலமாரிக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"வீட்டுல பேராச்சி பேசினாளா?" என்று இப்போது மெல்லக் கேட்டார்.

"இருபது நாளாச்சு. சோறு வைக்கா, வார்த்தை இல்ல. ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு யானைகிட்டப் போய் நின்னியளான்னு அன்னைக்கு ஒருதரம் கேட்டதோட சரி." செல்லச்சாமி குரலைத் தாழ்த்தினான். "எனக்கே இப்ப குழம்புது அண்ணாச்சி. பயத்துல கிட்டப் போயிட்டு, போகலன்னு நினைச்சிக்கிட்டு இருக்கேனோ? போட்டா பொய் சொல்லுமா?"

விஸ்வநாதனால் தலை நிமிர முடியவில்லை. பை தோளை அறுத்தது.

தோப்பில் பேராச்சி விழுந்த ஓலைகளைக் கூட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, ஒங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுக்கணும்" என்றார் அவர்.

"இவுக பக்கத்துல நான் நிக்க மாட்டேன். யானைய வந்து நிக்கச் சொல்லுங்க, அதுதான் இவுகளுக்குப் பொருத்தம்."

"பக்கத்துல நிக்க வேண்டாம். இவன் இங்கன வரப்புல நிக்கட்டும். நீ அந்தா, மோட்டார் ரூம் வாசல்ல போய் நில்லு."

பேராச்சி அளந்து பார்த்தாள். "நடுவுல நூறு தப்படி கிடக்கும். அப்படின்னா சரி" என்று நடந்தாள்.

விஸ்வநாதன் வந்த வழியே திரும்பி நடந்து, தொலைவிலிருந்த கால்வாய்க் கரையில் ஸ்டாண்டை ஊன்றினார். லென்ஸைப் பொருத்திவிட்டுப் பேராச்சியைச் செல்போனில் அழைத்தார்.

"கொஞ்சம் தெக்க தள்ளு தங்கச்சி... போதும். இப்ப வலது கைய நீட்டு."

"எதுக்கு? பிச்சை எடுக்க மாதிரி இருக்கு."

"நீட்டும்மா."

படம் எடுத்து முடித்து அவர் வேர்க்க விறுவிறுக்கத் தோப்புக்கு வந்தார். இருவரையும் அழைத்துக் கேமராவின் திரையைக் காட்டினார். செல்லச்சாமி திரைமேல் குனிந்தான். படத்தில் பேராச்சி அவனை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் கை அவன் தோளின்மேல் இருந்தது.

"ஏட்டி, நீ எப்பம் பக்கத்துல வந்த?"

இருபது நாள் மௌனத்தைப் பேராச்சி மறந்தே போனாள். "நானா? அங்கனயிருந்து ஒரு எட்டு எடுத்து வைக்கல! இதென்ன கண்கட்டு வித்தை?"

"இந்த லென்ஸோட குணம் அது" என்றார் விஸ்வநாதன். "தூரத்துல உள்ளத இழுத்துட்டு வரும்போது, நடுவுல கிடக்க இடத்த முழுங்கிரும். எனக்கு இது அன்னைக்கே தெரியும். பரிசு ஆசையில வாய மூடிக்கிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து கடிதம் ஒன்றை எடுத்துச் செல்லச்சாமியின் கையில் வைத்தார். "பரிசத் திருப்பிக் குடுக்கேன்னு எழுதியிருக்கேன். நாளைக்கு ஆவுடைநாயகத்த இங்கன கூட்டி வந்து, இதே லென்ஸ் வழியா அவரு கண்ணாலயே பாக்க வைக்கேன்."

பேராச்சி படத்தைப் பார்த்தாள். எட்டத்தில் தெரிந்த மோட்டார் ரூமைப் பார்த்தாள்.

"அப்போ... அந்த யானை?"

விஸ்வநாதன் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார்.

"நீ நின்ன இடத்துலதான் நின்னுச்சு, தங்கச்சி."