மயில் கழுத்து

விடிந்தால் தீபாவளி. மலேசியாவின் புக்கிட் பெருந்துங் வீட்டு வாசலில், வண்ண அரிசிக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்த தனேஸ்வரிக்குக் கை ஓடவில்லை.

“மயில் கோலம் போடு லா. போன வருஷமும் போடல,” என்றான் கணவன் திருச்செல்வம்.

“எப்படிப் போட்டாலும் கழுத்து கோணல்னு அத்தை சொல்வாங்க.”

“எங்கம்மாவுக்குப் பயந்தே எத்தனை மயிலைப் பாதியில கூட்டித் தள்ளியிருப்ப! இப்பவாவது தைரியமா போடு.”

போட ஆரம்பித்தாள். தோகை அழகாக விரிந்தது. கழுத்தை மட்டும் வேண்டுமென்றே கோணலாக்கிவிட்டு, வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன், தெரிஞ்சே கோணலா போட்ட?”

“குறை சொல்லவாச்சும் அத்தை எழுந்து வரமாட்டாங்களான்னுதாங்க.”

திருச்செல்வத்தின் அம்மாவுக்கு முதல் வருடத் திவசம் போன வாரம்தான் முடிந்திருந்தது.