நம்பர் ஒன் சங்கு

காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டு ஒன்றுக்கு உடம்பு பெருத்து, இருந்த சங்கு இறுக்கத் தொடங்கியது. பாறையடியில் பளபளவென்று ஒரு வெள்ளைச் சங்கு கிடந்தது. ஆனால் பழையதை விட்டு வெளியே வந்தால் பின்பக்கம் வெறும் சதை, ஒரு கொத்துக்குத் தாங்காது. விசாரிக்காமல் இறங்க முடியுமா?

நாரையிடம் கேட்டது.

"இந்தக் கரையிலேயே நம்பர் ஒன் சங்கு இதுதான். கண்ணை மூடிக்கிட்டுக் குடிபோகலாம்."

ஆலாப் பறவையும் அதையே சொன்னது. உள்ளான் குருவியும் அதையேதான் சொன்னது. மூன்று பேர் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னதில் நண்டுக்குத் தைரியம் வந்துவிட்டது.

குடிபோனது. முதுகுக்கு நேராக ஓட்டை. ஓர் அலகு தாராளமாக நுழையும். பதறித் திரும்பினால், பழைய சங்கை அலை கொண்டுபோயிருந்தது.

"அண்ணே, நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"என் காலுக்கு அதுல ஏது இடம்?" என்றது நாரை. "ஆலா சொன்னதைச் சொன்னேன்."

ஆலா உள்ளானைக் கைகாட்டியது. உள்ளான் நாரையைக் கைகாட்டியது. யாரை நொந்துகொள்வது என்றுகூடத் தெரியாமல், ஓட்டையைப் பாறையோடு ஒட்டிவைத்து அசையாமல் கிடந்தது நண்டு.

மூன்றாம் நாள் இன்னொரு நண்டு வந்தது.

"அக்கா, என் சங்கு நிறம் மங்கிப்போச்சு, நாம மாத்திக்கலாமா? இந்த வெள்ளைச் சங்குல இருந்து பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். எப்படி இருக்கு, சொல்லுங்க."

நண்டு வந்தவளின் சங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எங்கேயும் ஓட்டை இல்லை.

"இந்தக் கரையிலேயே நம்பர் ஒன் சங்கு இதுதான்" என்று தன் சங்கைத் தட்டிக் காட்டியது.